அவனுடைய நாட்டில் விட்டுவராத காசு

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினி மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தோம்: அம்மா, ஜேர்மனியிலிருந்து ஆறு கிழமை நின்றுவிட்டுப் போக வந்திருந்த சித்தி, நான். அங்கே இல்லாதவர்களும் மூன்று பேர். அப்பா செத்து ஐந்து வருடமாகிறது. அண்ணா மெல்பேர்னில், ட்ருகனினாவில், மனைவியோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் இருக்கிறான். மூன்றாமவர் எங்கள் சொந்தக்காரர் இல்லை. ஐரோப்பாவில் சில காலம் இருந்துவிட்டுச் சிட்னிக்கு வந்து சேர்ந்த தமிழ்ச் சனங்களுக்கு உதவிசெய்த ஓர் அங்கிள். ஹோம்புஷ் பகுதியில் இருந்ததால் ஹோம்புஷ் அங்கிள் என்போம். அவரும் இப்போது உயிரோடு இல்லை. அன்று அந்த மேசையில் அவரைப் பற்றிய பேச்சே வரவில்லை. வந்திருந்தால் அந்தச் சில நாள் சந்தோசம்கூட எங்களுக்குக் கிடைத்திருக்காது.

பேச்சு வாடகையைப் பற்றியது. வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் இருந்த இரண்டு அறை யூனிட்டுக்கு, கிழமைக்கு நூறு டொலர் கூட்டப்போவதாக வீட்டு முகவர் அறிவித்திருந்தார். அதே மாதத்தில் எனக்கு டபோ ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. சிட்னியிலிருந்து ஐந்து மணி நேரக் கார் ஓட்டம். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அம்மா ஏழாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்குச் சண்டையும் இடப்பெயர்வும் அதைக்கூட முடிக்க விடவில்லை. அண்ணா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு லொறி ஓட்டப் போனான். ஆகவே இந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை, எனக்கும்தான்.

பழைய வாடகையில் பாதியை நான் டபோவிலிருந்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். மீதிப் பாதியை அம்மா தன் சேமிப்பிலிருந்து கட்டுவார். அறுபத்தேழு வயதில் இந்த நாட்டு ஓய்வூதியம் வரும்வரை அது மட்டுமட்டாகப் போதும். ஆனால் இந்தப் புது நூறு டொலருக்கு இடமில்லை. எனக்கும் படிப்புக்கடன், அங்கே இன்னொரு வாடகை.

அண்ணாவிடம் அதற்கு எப்போதோ பதில் தயாராக இருந்தது. “அம்மா, இஞ்ச ஒரு அறை சும்மா கிடக்கு. நீங்கள் வந்தா பிள்ளையளை சைல்ட்கெயாரில விடத் தேவையில்லை.”

அம்மாவுக்குப் போக விருப்பமில்லை. அதை அண்ணாவிடம் சொல்லமாட்டார், என்னிடம் சொல்வார். “பேரப்பிள்ளையள் எண்டா எனக்கு உயிர் தம்பி. ஆனா போனா அதுகளை நான்தான் வளக்கவேணும். நான் ரெண்டு வளத்திட்டன். இனி என்னால குனிஞ்சு நிமிர ஏலாது.” இந்த யூனிட்டில் அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. காலையில் பூங்காவைச் சுற்றி நான்கு பெண்களோடு நடை. செவ்வாய்க்கிழமை பரமட்டாவுக்குப் பஸ். கோயில் நாட்களில் மடைப்பள்ளியில் மரக்கறி வெட்டு. அப்பா போனபிறகு அவராகவே, ஒருவரையும் கேட்காமல் அமைத்துக்கொண்டது அது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சித்திதான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “ஏனக்கா, உனக்கு ஜேர்மன் பென்சன் வருமே. அதை எடுக்கேல்லையே நீ?”

அம்மா சிரித்தார். “நான் அங்க என்ன வேலை செய்தனான்? ஒண்டரை வருசம் ஹொட்டேலில கட்டில் விரிச்சனான். அதுக்கு என்ன பென்சன்?”

“வேலைக்கு இல்லை. பிள்ளை வளத்ததுக்கு.”

“பிள்ளை வளத்ததுக்கு ஆர் காசு குடுக்கிறது? பிள்ளையளே குடுக்காதுகள்” என்று சொல்லி அம்மா என்னைப் பார்த்தார்.

“பகிடி இல்லையக்கா. ஒரு பிள்ளைக்கு மூண்டு வருசம். நீ வேலைக்குப் போய் நடுத்தரச் சம்பளம் எடுத்தால் எவ்வளவு சேருமோ, அவ்வளவை அரசாங்கம் உன்ர கணக்கில போடும். நீ வீட்டில இருந்து பம்பஸ் மாத்தினதெல்லாம் வேலைக் கணக்குத்தான். எனக்கு மூண்டுக்கும் போட்டிருக்கிறாங்கள். நான் இன்னும் எடுக்கேல்லை, ஆனா வருசா வருசம் இவ்வளவு வரும் எண்டு எழுதி அனுப்புவாங்கள்.”

நான் திகைத்துப்போனேன். ஓர் அரசாங்கம் இப்படி யோசிக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எனக்குத் தெரிந்தது இந்த நாட்டுக் கணக்கு. இங்கே முதியோர் ஓய்வூதியத்துக்கு நீங்கள் வேலை செய்தீர்களா, பிள்ளை வளர்த்தீர்களா என்று கேட்பதில்லை. இங்கே எத்தனை வருடம் வாழ்ந்தீர்கள், கையில் என்ன இருக்கிறது, அவ்வளவுதான். வேலை செய்தவருக்குச் சூப்பர் என்று முதலாளி போட்டுவைக்கும் பணம் தனியாக உண்டு. அம்மாவும் ஒரு லோண்டரியில் சில வருடம் வேலை செய்து கொஞ்சம் சூப்பர் சேர்த்தார். அது அப்பாவின் வருத்தத்துக்கான வைத்தியச் செலவோடு கரைந்துவிட்டது. வீட்டில் எங்களுக்குச் சமைத்த வருடங்கள் அதில் எங்கேயும் இல்லை. அதில் குறைசொல்ல ஏதாவது இருக்கிறது என்றுகூட நான் நினைத்ததில்லை.

அந்த இடத்திலேயே கைத்தொலைபேசியை எடுத்துத் தேடினேன். சித்தி சொன்னது உண்மை. அண்ணாவும் நானும் பிறந்தது அங்கே, ஒரு சின்ன நகரத்தின் ஆஸ்பத்திரியில். நான் நடக்கத் தொடங்கி, கதைக்கத் தொடங்கி, நர்சரிக்குப் போன பிறகுதான் அப்பாவின் அக்கா எங்களை இங்கே கூப்பிட்டார். இரண்டு பிள்ளைக்கு ஆறு வருடம். ஓய்வூதியம் கிடைப்பதற்குக் குறைந்தது ஐந்து வருடம் கணக்கில் இருந்தால் போதும். வெளிநாட்டில் இருந்தாலும் அனுப்புவார்கள். கணக்கிலுள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் மாதம் நாற்பது யூரோவுக்குச் சற்று மேல் வருகிறது. அம்மாவின் வயதுக்கு அங்கே இப்போதே எடுக்கலாம், இங்கேபோல அறுபத்தேழுவரை பார்த்திருக்கத் தேவையில்லை. பெருக்கிப் பார்த்தேன், மாதம் இருநூற்று நாற்பத்து நான்கு யூரோ. டொலருக்கு மாற்றிப் பார்த்தேன். கிழமைக்கு ஏறத்தாழ நூறு டொலர்.

சொன்னேன். அம்மா எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

“அது ஆற்ற பேரில வரும்? அப்பான்ர பேரிலயோ?”

“பெத்து வளத்தது நீ” என்றார் சித்தி. “உன்ர பேரில, உன்ர பாங்குக்கு.”

“நேர என்ர பாங்குக்கோ” என்றார் அம்மா. அன்று மத்தியானம் அண்ணா தொலைபேசி எடுத்தபோது அம்மாவின் குரல் வேறாக இருந்தது. “பொறு, அவசரப்படாத. ஜேர்மன்காரன் என்ன சொல்லுறான் எண்டு பாப்பம்.”

“அவன் உங்களைத் தேடித் திரியிறான் அம்மா” என்றான் அண்ணா. “வீதி வீதியாப் போஸ்டர் ஒட்டியிருக்கிறான்.”

அந்தக் கிழமை அம்மா நடையில் கூடவரும் பெண்களிடம் இதைச் சொல்லிவிட்டார். அவர்களில் ஓர் அன்ரியும் எங்களைப்போல ஜேர்மனியில் மூன்று பிள்ளை பெற்று வந்தவர். அவர் அன்று பின்னேரமே வடையோடு வந்து இறங்கினார். “தம்பி, அம்மான்ர அலுவல் முடிய என்ரயையும் ஒருக்காப் பாரப்பன். எனக்கு ஒன்பது வருசமெல்லோ வரும்.” அவரும் அம்மாவும் குசினிக் கதிரைகளில் இருந்து, தங்களுக்கு வரப்போகும் காசை ஒரு மணித்தியாலம் வாயாலேயே செலவழித்தார்கள். அன்ரி பல் கட்டினார். அம்மா வாடகையைக் கட்டிவிட்டு, மிச்சத்தில் நடைக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கினார்.

வியாழக்கிழமை பின்னேரம், ஜேர்மனியில் ஓய்வூதிய அலுவலகம் திறக்கும் நேரம் பார்த்துச் சித்தி தொலைபேசி எடுத்தார். நான் அப்போது செய்துகொண்டிருந்த தற்காலிக வேலையிலிருந்து வெள்ளனவே வந்துவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தோம். மறுபக்கத்தில் ஒரு பெண்ணின் குரல். சித்தி விசயத்தைச் சொன்னதும் அவர், சம்பந்தப்பட்டவரோடு நேரே பேசவேண்டும் என்றார்.

சித்தி அம்மாவைப் பார்த்து, “உன்னட்டத்தான் கேக்கினமாம். பிறந்த திகதி” என்றார்.

அம்மா ஜேர்மன் மொழியில் பதில் சொன்னார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கடையில் ஆங்கிலத்தில் ஒரு சாமான் கேட்கவே என் கையைப் பிடிக்கிறவர், இருபது வருடத்துக்கு மேல் வாயில் எடுக்காத மொழியில் பிறந்த திகதி, கலியாணத்துக்கு முந்தின பெயர், நாங்கள் இருந்த வீதி, அண்ணா பிறந்த நாள், நான் பிறந்த நாள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். எங்கள் குழந்தை வைத்தியருடைய, கிண்டர்கார்டன் ஆசிரியையுடைய மொழி அது. அம்மா எங்களை அந்த மொழியில் வளர்த்திருக்கிறார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் நிதானமாக ஒரு நீளமான வசனம் சொன்னார். சித்தி வாயைத் திறந்தார், மொழிபெயர்க்கவில்லை.

“என்ன சித்தி?”

அம்மாதான் சொன்னார். “காசு திருப்பித் தந்தாச்சாம்.”

எனக்கு விளங்கவில்லை. சித்தி அந்தப் பெண்ணோடு வேகமாகக் கதைத்தார். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். கேட்டுக் கேட்டுச் சித்தி சொன்னது இதுதான். அம்மா ஹொட்டேலில் வேலை செய்த ஒன்றரை வருடத்தில் சம்பளத்திலிருந்து ஓய்வூதியத்துக்கென்று பிடித்த காசை, நாங்கள் நாட்டைவிட்டு வந்து இரண்டு வருடம் கழித்து விண்ணப்பித்துத் திருப்பி வாங்கியிருக்கிறோம். ஆயிரத்து எழுபத்தாறு யூரோ. அப்படி வாங்கினால் கணக்கு மூடப்படும். மூடினால் அதற்கு முந்தி அதற்குள் இருந்த எல்லாம் போய்விடும். பிள்ளை வளர்த்த வருடங்களும்.

“பிள்ளையளுக்கு அவ ஒரு சதமும் கட்டேல்லையே” என்று சித்தி முதலில் தமிழில் எங்களிடம் கத்திவிட்டு, பிறகு அதையே ஜேர்மனில் கேட்டார். “கட்டின காசைத்தானே திருப்பிக் குடுத்தனீங்கள். கட்டாததை ஏன் எடுக்கிறீங்கள்?”

அந்தப் பெண் தனக்கும் அது விளங்குகிறது என்றார். சட்டம் அப்படி என்றார். நான் ஆங்கிலத்தில் குறுக்கிட்டு, அந்தப் பணத்தை இப்போது திருப்பிக் கட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். வட்டியோடு, இன்றைக்கே. அவரும் ஆங்கிலத்தில், மிகவும் வருந்துகிறேன், அது முடியாது என்றார். நல்ல பெண். அவரோடு கோபிக்கவும் வழியில்லாமல் இருந்தது.

தொலைபேசி வைத்தபிறகுதான் ஹோம்புஷ் அங்கிளின் பேச்சு எங்கள் மேசைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் ஜேர்மனி, சுவிஸ் என்று இருந்துவிட்டு இங்கே வந்தவர்களிடையே அது ஒரு வழக்கம். “காசு எடுக்கிறது” என்று சொல்வார்கள். வந்து இரண்டு வருடம் முடிந்ததும் ஹோம்புஷ் அங்கிளிடம் போவார்கள். அவர் படிவம் எல்லாவற்றையும் நிரப்பி, கையெழுத்து வாங்கி அனுப்புவார். வந்ததில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. இதில் களவு எதுவுமில்லை, சட்டப்படி உரிய காசுதான். பிறந்தநாள் வீடுகளில் ஆம்பிளைகள் ஒருவரையொருவர் கேட்பார்கள், “நீர் எடுத்திட்டீரே?” எடுக்காதவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். “அவன்ர நாட்டில ஒரு சதமும் விட்டிட்டு வரக்கூடாது” என்பது அவர்கள் வாய்ப்பாடு. அகதியாகப் போய், குளிரில் நின்று, குனிந்து உழைத்த காசை அவனுக்கு ஏன் விடவேண்டும்? எனக்கு இப்போதும் அந்த ரோசம் விளங்குகிறது. மனைவி பெயரில் ஒன்றரை வருடக் காசு கிடக்கிறது என்றால் அதையும் எடுப்பதுதான் கெட்டித்தனம். அந்தக் கணக்குக்குள் காசைத் தவிர வேறு ஏதாவது இருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளை வளர்த்தது எந்தக் கணக்கிலாவது இருக்கும் என்று நினைக்க எங்கள் சனத்துக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

“எனக்கு ஞாபகம் இருக்கு” என்றார் அம்மா. “நான் ரொட்டி சுட்டுக்கொண்டு நிண்டனான். அப்பா படிவத்தைக் கொண்டுவந்து, இந்த இடத்தில கையெழுத்துப் போடு எண்டவர். என்னத்துக்கு எண்டு கேட்டனான். உன்ர ஹொட்டேல் காசு எண்டவர். மாக் கையோட போட்டனான்.”

“அப்பா உங்களுக்கு விளங்கப்படுத்தேல்லையா?”

“அந்தாளுக்கு விளங்கினாத்தானே மற்றவைக்கு விளங்கப்படுத்திறதுக்கு.”

அந்தக் காசில்தான் எங்கள் பிரிஜ் வந்தது. அங்கிளுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதில் வாங்கின, இரண்டு கதவு வைத்த பெரிய வெள்ளைப் பிரிஜ். அதுவரைக்கும் யாரோ வீதியில் போட்டதை எடுத்து வைத்திருந்தோம். புதிதாக ஒரு பொருள் பெட்டியோடு வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. வந்தவர்களுக்கெல்லாம் அப்பா கதவைத் திறந்து காட்டினார். நாங்கள் மூவரும் திகைத்துப்போய் இருந்த அந்தப் பின்னேரமும் அது அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு நின்றது. கீழ்க்கதவைக் காலால் ஒரு தட்டுத் தட்டினால்தான் பூட்டும்.

நான் விடவில்லை. அடுத்த நாட்களில் அந்தச் சட்டத்தைத் தேடி வாசித்தேன், மொழிபெயர்த்து வாசித்தேன். ஓர் இலவசச் சட்ட ஆலோசனை நிலையத்தில் கேட்டேன். சித்தி தன் ஊரில் தெரிந்த ஒருவரைக் கொண்டு கேட்டார். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். எனக்கு அப்பாவோடு கோபம் வந்தது. செத்தவரோடு என்ன செய்கிறது? ஹோம்புஷ் அங்கிளோடு வந்தது, அவரும் போய்விட்டார். அவருக்கும் இது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் தன்னுடைய மனைவியின் காசையும் எடுத்திருக்கமாட்டார்.

சித்தியால் எங்கள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. “நான் வாயைத் திறந்திருக்கக்கூடாது” என்று இரண்டு மூன்று தரம் சொன்னார்.

“நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது” என்றார் அம்மா. “ஒண்டும் தெரியாம நல்லாத்தான் இருந்தனான்.” சித்தி அழத் தொடங்க, அம்மா அவருக்குச் சோறு போட்டார்.

வடை கொண்டுவந்த அன்ரிக்கு யார் சொல்வது என்று ஒரு பிரச்சினை. நான் சொல்கிறேன் என்றேன். அம்மா மறித்து, தானே அடுத்த நாள் நடையில் சொன்னார். அன்ரி நடுவழியில் பூங்கா வாங்கில் உட்கார்ந்துவிட்டாராம். அவர்கள் வீட்டிலும் எடுத்திருந்தார்கள். ஒன்பது வருடம். “அவ ஒண்டும் கதைக்கேல்லை” என்றார் அம்மா. “வீட்டை போய் மனுசனுக்கு இண்டைக்குச் சமைக்கமாட்டன் எண்டு மட்டும் சொன்னவ.”

அண்ணாவுக்கு நான் சொன்னேன். பின்னால் லொறி எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது.

“எங்களை வளத்ததுக்கு அம்மாவுக்குக் காசு இருந்ததா?” என்றான். “எவ்வளவு?”

சொன்னேன்.

“அப்ப பாதி பாதி. எனக்கு நூற்றி இருபத்திரெண்டு, உனக்கு நூற்றி இருபத்திரெண்டு” என்றான். “எனக்கு அந்த விலை காணும். நீதான் படிச்சனி, உனக்குக் குறைச்சுப் போட்டாங்கள்.” சிரித்தான், பிறகு நிறுத்திவிட்டான். “அம்மாட்டக் கேள். எப்ப வாறா எண்டு.”

புது வாடகைக்கு முகவருக்குப் பதில் சொல்லவேண்டிய நாள் வந்தது. டபோ வேலையை விட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மையாகவே நினைத்துத்தான் சொன்னேன். அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“உன்னைப் படிப்பிச்சது இதுக்கே? நீ போ. நான் போறன் அண்ணாட்ட.” கொஞ்சம் பொறுத்து, “தம்பி, ஒண்டு கேக்கிறன். அங்க போய் நான் அந்த ரெண்டையும் வளத்தா, இந்த நாட்டில அதுக்கு ஏதும் போடுவாங்களே?”

“இல்லையம்மா. இஞ்ச இருந்தனீங்களா எண்டு மட்டும்தான் பாப்பாங்கள். வளத்தாலும் ஒண்டு, நித்திரை கொண்டாலும் ஒண்டு.”

“அப்ப நான் நித்திரை கொள்ளப்போறன்” என்றார்.

நித்திரை கொள்ளமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். போன மாதம் நான் ட்ருகனினாவுக்குப் போனபோது அண்ணாவின் சின்னவள் அம்மாவின் இடுப்பில் இருந்தாள், பெரியவன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றான். பக்கத்து வீதிகளில் யாரோடும் நடை தொடங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். நேரமில்லை என்றார்.

யூனிட்டைக் காலிசெய்த நாளில் சாமான்களில் பெரும்பகுதியைக் கோயிலுக்கும் தெரிந்தவர்களுக்கும் கொடுத்தோம். பிரிஜ்ஜை ஒருவரும் கேட்கவில்லை. அண்ணா வீட்டில் அதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. நகரசபை லொறி வந்து எடுக்கட்டும் என்று நானும் கீழ்வீட்டுப் பெடியனும் அதைத் தள்ளிக்கொண்டுபோய் வீதியோரப் புல்லில் விட்டோம். அம்மா பின்னால் ஒரு துணியோடு வந்து, போகப்போகிற சாமானின் கதவைத் துடைத்தார். கீழ்க்கதவு திறந்து தொங்கியது. காலால் ஒரு தட்டுத் தட்டிப் பூட்டினார்.

“நல்ல சாமான்” என்றார். “என்ன விலை வந்தது தம்பி?”

கடையில் கொடுத்த விலையை அவர் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். மாதம் இருநூற்று நாற்பத்து நான்கு யூரோ, அவர் உயிரோடு இருக்கும்வரை.